குளியலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்த பவர் சப்ளை

பிப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நீங்கள் உங்கள் கையாலேயே செய்து, அக்காவின் இடுப்பு பிடித்துக்கொள்ளும்படி பஸ்ஸில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து கொடுத்த பதினான்கு கிலோ பவர் சப்ளை கடந்த எட்டு மாதமாக என் ரேடியோ மேசையில் இல்லை. குளியலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கதவு ஆளைப் பார்த்ததும் தானாகச் சாத்திக்கொள்கிற வகை. செங்கல் வைத்தோம், நகர்ந்துவிட்டது. தையல் மெஷினின் அடிப்பாகத்தை வைத்தோம், அதையும் தள்ளிவிட்டது. உங்கள் ஆனை மட்டும் அசையவில்லை. அந்த விதத்தில் அது மிக நம்பகமான சாதனம் என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இதில் எனக்கு வெட்கமான பகுதி கதவு இல்லை. போன மாதம் நம் அமெச்சூர் ரேடியோ சங்கத்து ஞாயிறு அரட்டையில், பதினோரு பேர் கேட்க, "கேட்டீங்களா என் மச்சினன் சிக்னலை? பால் மாதிரி இருக்கு. ஆனை மேல உக்காந்து பேசினா அப்படித்தான்" என்றீர்களே, அப்போது நான் கொசுவின் மேல் உட்கார்ந்திருந்தேன். "எல்லாம் உங்க கைராசி அத்தான்" என்று வேறு சொன்னேன். வாய் கூசவில்லை. அதற்கும் சேர்த்து இப்போது கூசுகிறது.

கொசு என்றால் நான் வாங்கிய அந்தச் சின்ன ஸ்விட்சிங் பவர் சப்ளை. நீங்கள் எத்தனை தடவை விளக்கியும் என் மண்டையில் தங்கியது இவ்வளவுதான்: ரேடியோவுக்கு வேண்டியது பதிமூன்றே முக்கால் வோல்ட். வீட்டுக் கரண்ட்டை அந்த அளவுக்கு இறக்க வேண்டும். உங்கள் லீனியர் ஆனை, பெரிய இரும்பு டிரான்ஸ்பார்மரால் பொறுமையாகச் சுமந்து இறக்குகிறது. கனம், சூடு, ஆனால் அமைதி. கொசுவோ நொடிக்கு அறுபதாயிரம் தடவை போட்டு அணைத்து, போட்டு அணைத்து இறக்குகிறது. லேசு, குளிர்ச்சி, ஆனால் கொய்ங். ஒரு கையால் தூக்க முடிகிறதே என்று நானும் மயங்கிவிட்டேன். எனக்கு முதுகெலும்பு கிடையாது என்று நீங்கள் அடிக்கடி சொல்வது இந்த அர்த்தத்தில் சரிதான்.

இப்போது அந்தக் கொய்ங்தான் என் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. என் ஒரே மகள், உங்கள் மருமகள், அந்தத் தீவு வானிலை நிலையத்துக்குப் போய் வருகிற மார்ச்சோடு ஒரு வருஷம். அங்கே நான்கு மனிதர்கள், ஒரு காற்றுமானி, மற்றதெல்லாம் பறவை. இணையம் அலுவலகத் தகவலுக்கு மட்டும். சொந்தக் கடுதாசி மாதம் ஒரு தடவை வருகிற படகில். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரேடியோவில் பத்து நிமிஷம் பேசுவாள். வாரத்தில் எனக்கு மகள் அந்தப் பத்து நிமிஷம்தான். முன்பெல்லாம் அவள் குரல் கொசுவை அமுக்கிக்கொண்டு வரும். இப்போது பருவம் மாறி அவள் குரல் மெலிந்துவிட்டது. கொசு மெலியவில்லை.

போன ஞாயிறு, பதினைந்தாம் தேதி, "அப்பா, ஒண்ணு கேக்கணும்" என்றாள். அதற்கப்புறம் கொய்ங். நடுவில் "இன்னும் ஒரு வருஷம்", "மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள", "நீங்க என்ன சொல்றீங்க" என்று மூன்று துண்டு கிடைத்தது. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் தினமும் பார்க்கிறேன், எதிரே எழுத்து இருக்கிறது என்று தெரிந்தும் படிக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து முழிக்கிறவர்களை. இந்த வாரம் அந்த நாற்காலியில் நான்.

இன்னொரு வருஷம் இருக்கட்டுமா என்று கேட்கிறாள் என்று ஊகிக்கிறேன். "வந்துடும்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், முப்பத்தொன்றாம் தேதிக்குள். அதற்கு முன் அவள் கேட்பதை முழுதாகக் கேட்க வேண்டும். ஆனையைத் திரும்ப மேசைக்கு ஏற்றலாமா? ஏற்றினால் வேலை செய்யுமா? போனில் கேட்கலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். ரேடியோவில் கேட்டாலோ சங்கமே காது கொடுக்கும். அதனால்தான் தபால்.

அன்புடன்,
கதவுக்குச் சொந்தக்காரன்


பிப்ரவரி 25

மைத்துனனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எனக்காக. இரண்டாவது முறை உன் அக்கா கேட்டாளே என்று உரக்க. அவள் சிரித்தாள். அந்தப் பாவமும் உனக்கே.

அந்த டிரான்ஸ்பார்மரை நான் கையால் சுற்றினேன். நானூற்று அறுபது சுற்று, ஒவ்வொன்றாக எண்ணி. முந்நூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில் நீ போன் செய்து, சட்டைக்கு எந்தக் கலர் எடுக்கட்டும் என்று கேட்டாய். எண்ணிக்கை விட்டுப்போய், அவிழ்த்து, மறுபடி ஒன்றிலிருந்து சுற்றினேன். யாருக்காகச் சுற்றுகிறோம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நான் உன் சிக்னலைப் பாராட்டியதைப் பெரிய நகைச்சுவையாக எழுதியிருக்கிறாய். கொசுவின் இரைச்சல் அதை வைத்திருக்கிறவன் காதில்தான் விழும். அவன் அனுப்புகிற குரலில் அநேகமாக வராது. இது தெரியாமல்தான் உனக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நான் சொன்னதில் தவறில்லை. பால் மாதிரி இருந்தது உன் மைக். அந்த மைக்கும் நான் கொடுத்தது.

இருபத்தாறு வருஷமாக பம்ப் ஹவுஸில் இருக்கிறேன். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரில் ஒரு சத்தம் வந்தால் சத்தத்தின் மேல் பழி போட மாட்டோம். எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நீயும் பார். கார் பாட்டரி ஒன்று கடன் வாங்கு. ரேடியோவை அதில் மாட்டு. வீட்டு மெயினை அணை. சிக்னல் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள். பிறகு மெயினைப் போட்டு, கொசுவைச் சும்மா சொருகி மட்டும் வை. முள் துள்ளினால் கொசுதான். துள்ளாவிட்டால் நீயேதான்.

ஆனையைப் பற்றி. எட்டு மாதம் குளியலறை ஈரத்தில் நின்றதற்கு எடுத்த எடுப்பில் கரண்ட் கொடுக்காதே. கரண்ட் வரும் வழியில் அறுபது வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டுக் கொடு. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே உயிர் இருக்கிறது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எனக்கு எழுதாதே, அக்காவுக்கு எழுது. அவளுக்குத்தான் உன்மேல் இரக்கம் பாக்கி இருக்கிறது.

பெண்ணிடம் என்ன சொல்லலாம் என்று நீ என்னைக் கேட்கவில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை.

அத்தான்


மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தில் "அன்புள்ள" இல்லை என்பதைக் கவனித்தேன். தபால்காரர் வழியில் எடுத்துக்கொண்டிருப்பார்.

கொசுதான். பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பாட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று, அது அவர் பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மெயினை அணைத்ததும் முள் எட்டிலிருந்து இரண்டுக்கு விழுந்தது. அத்தான், அந்த அமைதியை என்னவென்று சொல்ல! என் ரேடியோவில் இவ்வளவு ஒன்றுமில்லாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கொசுவைச் சொருகியதும் முள் மறுபடி எட்டு. அடுப்படியிலிருந்து வந்து பார்த்த உங்கள் தங்கச்சி முறைக்காரி, அதாவது என் மனைவி, "இதைக் கண்டுபிடிக்க எட்டு மாசமா? ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறீங்க, உங்களுக்கு யாராவது காது போடணும்" என்றாள். டாக்ஸிக்காரர் ரொம்ப ரசித்தார்.

வெற்றிக் களிப்பில் கொசுவை அன்றைக்கே நம் சங்கச் செயலாளருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவரை உங்களுக்குத் தெரியும். சட்டையெல்லாம் சாலிடர் சுட்ட ஓட்டை, அதனால் சாலிடர் சார். கொடுத்த அரைமணிக்குள் அதைப் பிரித்து, உள்ளே இருந்ததையெல்லாம் டப்பா டப்பாவாகப் போட்டுவிட்டார். அவர் கைக்குப் போன எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று கீழே புரியும்.

ஆனைக்கு பல்பு வைத்தேன். பளிச், மங்கல். உயிர் இருக்கிறது. அதை மேசைக்கு ஏற்றியதில் என் உயிர்தான் கொஞ்சம் போனது. மார்ச் ஒன்றாம் தேதி எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். அவள் வந்தாள். எவ்வளவு சுத்தம் தெரியுமா? அவள் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்ததுகூடக் கேட்டது. "அப்பா, இங்க என்னைப் பொறுப்பு அதிகாரியா போடறாங்க. ஆனா இன்னும் ஒரு வருஷம் இருக்கணும். முப்பத்தொண்ணுக்குள்ள கையெழுத்து. நீங்க வான்னா வந்துடறேன்பா. என்ன சொல்றீங்க?"

"வந்துடும்மா" என்று சொல்ல மைக்கை அமுக்கினேன். டப். ஃபியூஸ். ரேடியோ இருண்டுவிட்டது. புது ஃபியூஸ் தேடிப் போட்டு வருவதற்குள் "சரிப்பா, யோசிச்சுச் சொல்லுங்க" என்கிற வாலை மட்டும் பிடித்தேன். நேற்றும் இதே கதை, இரண்டு ஃபியூஸ். கேட்கும்வரை சாது. பேச வாயைத் திறந்தால் டப்.

கொசுவை வைத்துக்கொண்டு பேச முடிந்தது, கேட்க முடியவில்லை. ஆனையை வைத்துக்கொண்டு கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாம் என்றால் கொசு பதினெட்டு டப்பாக்களில் இருக்கிறது. டாக்ஸிக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் சவாரி அதிகம். இரண்டு வாரமாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவள் நினைக்கிறாள். நான் யோசிப்பேன் என்று நம்புகிற ஒரே ஜீவன். அதன் நம்பிக்கையையும் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சாலிடர் சார் வந்து பார்த்தார். "உங்க அத்தான் இதுல ஒரு கடப்பாரை வெச்சிருக்காரு. பயந்தாங்கொள்ளித்தனம். அதை வெட்டி விட்டா எல்லாம் சரியாயிடும்" என்கிறார். வெட்டலாமா? சீக்கிரம் எழுதுங்கள். இன்னும் மூன்று ஞாயிறுதான் இருக்கிறது.

உங்கள் மைத்துனன்


மார்ச் 13

மைத்துனனுக்கு,

கடப்பாரையைத் தொடாதே. மறுபடி எழுதுகிறேன், அடிக்கோடிட்டு: கடப்பாரையைத் தொடாதே.

அது எதற்கு என்று உனக்கும் உன் ஓட்டைச் சட்டைக்காரருக்கும் சொல்கிறேன். அந்தப் பெட்டியில் வோல்ட்டை அடக்கிப் பிடித்திருப்பவை நான்கு பெரிய டிரான்சிஸ்டர்கள். அவற்றில் ஒன்று ஷார்ட்டானாலும் பதிமூன்றே முக்காலுக்குப் பதில் இருபத்திரண்டு வோல்ட் உன் ரேடியோவுக்குள் பாயும். அப்படிப் பாய ஆரம்பித்த கணத்தில், இரண்டு கம்பிக்கும் குறுக்கே கடப்பாரையைப் போட்டதுபோல் ஷார்ட் செய்து, ஃபியூஸை எரித்து, ரேடியோவைக் காப்பாற்றுவதுதான் அந்தச் சர்க்யூட். பயந்தாங்கொள்ளித்தனமாம். பம்ப் ஹவுஸில் வால்வு வைப்பதும் பயந்தாங்கொள்ளித்தனம்தான். அதனால்தான் ஊர் மிதக்காமல் இருக்கிறது.

அது ஏன் சும்மா சும்மா வேலை செய்கிறது? உன் ஆன்டெனா ஒயர் ஜன்னல் வழியாக வந்து ஆனையின் தலைக்கு மேலேயே தொங்குகிறது. போன முறை வந்தபோது பார்த்தேன். துணி காயப்போடும் கொடி என்று நினைத்தேன். நீ முழு பவரில் கத்தும்போது அந்த அலை சர்க்யூட்டுக்குள் புகுந்து அதைப் பயமுறுத்துகிறது. ஒயரை அந்தப் பக்கம் தள்ளு. ஆனையிலிருந்து வரும் கம்பியை, அலையை மறிக்கிற ஃபெரைட் வளையத்தில் ஆறு சுற்றுச் சுற்று. இரண்டும் உன்னால் ஆகாது என்றால் பவரை நூறு வாட்டிலிருந்து இருபதுக்குக் குறைத்துக்கொண்டு பேசு. அதுவும் ஆகாது என்றால் டாக்ஸிக்காரர் காலில் விழு. ஒரு சவாரி போனால் உலகம் அழிந்துவிடாது. "வந்துடும்மா" என்று சொல்ல இருபது வாட் தாராளம். இதை ஒரு லைசென்ஸ் வைத்திருக்கிற ஆளுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

போனில் சொல்லிவிடுங்கள், தபால் நேரத்துக்குப் போகாது என்றாள் உன் அக்கா. நேற்றுச் செய்தேன். நீ எடுத்ததும் "யாரு, ஆனை டாக்டரா?" என்றாய். வைத்துவிட்டேன்.

இன்னொன்று. அந்த இரண்டு ஞாயிறும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் கேட்டதும் என் காதில் விழுந்தது, உன் பதில் வராததும் விழுந்தது. குறுக்கே வரவில்லை, கேட்டது உன்னை. ஆனால் நீ கேட்காமலே சொல்கிறேன். இருபத்தேழு வயதுப் பெண்ணை ஒரு நிலையத்துக்கே பொறுப்பாகப் போடுகிறார்கள். நம் குடும்பத்தில் இதுவரை யாரையும் யாரும் எதற்கும் பொறுப்பாகப் போட்டதில்லை; உன்னைச் சங்கத்தில் பிஸ்கட் வாங்கப் போட்டதைத் தவிர. நீ வா என்றால் அவள் வந்துவிடுவாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தான்


மார்ச் 17

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று, திங்கட்கிழமை வந்தது. கடப்பாரையைத் தொடாதே என்று அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். தொட்டது ஞாயிற்றுக்கிழமை.

நான் தொடவில்லை. சாலிடர் சார்தான் தொட்டார். நான் டார்ச் பிடித்தேன். "பாருங்க, ஒரே ஒரு கம்பி" என்று வெட்டினார். ஏழே முக்காலுக்கு மூடியைப் போட்டோம். மைக்கை அமுக்கினேன். டப் இல்லை. ஆகா, என்ன சந்தோஷம்! எட்டு மணி ஆகும்வரை சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அது நானாக இருக்காது. சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, முழு பவரில், ஆனை எழுந்துவிட்டது, அத்தானின் கடப்பாரையைப் பிடுங்கிப் போட்டாயிற்று என்று பீற்றிக்கொண்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினேன். மூச்சுவிட்டபோது ஒரு வாசனை வந்தது.

இங்கே இன்னொரு சங்கதி சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாம், ஆனால் பெட்டியைத் திறந்தால் நீங்களே பார்ப்பீர்கள். குளியலறைக் கதவின் பெயின்ட் உரசாமல் இருக்க ஆனையின் முதுகில் இருந்த அந்த அலுமினியப் பட்டைகளின்மேல் மெத்தைப் பஞ்சு வெட்டி ஒட்டியிருந்தேன். நல்ல பசை. மேசைக்கு ஏற்றும்போது அதைப் பிய்க்கவில்லை. சுவருக்கும் மெத்தென்று இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பட்டைகள் அலங்காரத்துக்கு இல்லை, டிரான்சிஸ்டரின் சூடு வெளியேறுவதற்கு என்று சாலிடர் சார் பிறகு சொன்னார். டார்ச் பிடித்தபோது அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லையாம்.

ஒரு டிரான்சிஸ்டர் வெந்து ஷார்ட்டாகிவிட்டது. தடுக்கக் கடப்பாரை இல்லை. இருபத்திரண்டு வோல்ட்டும் நேராக ரேடியோவுக்குள் போய்விட்டது. டயல் விளக்கு ஒரு விநாடி கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. பிறகு புகை. சாலிடர் சார், "ரிசீவர் போர்டு எனக்கு ஆகும்" என்றார். வெளியே போங்கள் என்றேன். அவரை நான் அப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை.

மணி ஏழு ஐம்பத்தெட்டு. எட்டு மணிக்கு அவள் கூப்பிட்டிருப்பாள். பொசுங்கிய பெட்டியின் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு எட்டேகால் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். மனைவியும் கேட்கவில்லை, வழக்கமாக எதையும் விட மாட்டாள்.

நீங்கள் அவளோடு பதினோரு நிமிஷம் பேசினீர்கள் என்று அக்கா போனில் சொன்னாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அவர்கிட்டயே கேளு, எனக்கு எதுக்குடா வம்பு" என்கிறாள். அக்கா வம்பு வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. என்ன சொன்னீர்கள் அத்தான்?

உங்கள் மைத்துனன்


மார்ச் 21

மைத்துனனுக்கு,

மெத்தைப் பஞ்சு என்ற சொல்லை மூன்று முறை படித்தேன். இருபத்தாறு வருஷத்தில் நான் எரிந்த மோட்டார் பார்த்திருக்கிறேன், வெடித்த வால்வு பார்த்திருக்கிறேன், பம்புக்குள் ஆமை பார்த்திருக்கிறேன். சூடு போகும் பட்டைக்குப் போர்வை போர்த்தியவனை இப்போதுதான் பார்க்கிறேன். அந்த ஆமைக்காவது உள்ளே போகக் காரணம் இருந்தது.

நீ பீற்றிக்கொண்டதைக் கேட்டேன். பாதி வாக்கியத்தில் நின்றது. புரிந்துவிட்டது. எட்டு மணிக்கு அவள் கூப்பிட்டாள். மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை குரல் மாறிவிட்டது. உனக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்திருக்கிறாள். அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. "பாப்பா, மாமா பேசறேன். உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. ரேடியோவைப் பொசுக்கிட்டார், அவ்வளவுதான்" என்றேன். சிரித்தாள். அப்படியொரு சிரிப்பு. அவள் சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆனது. எப்படிப் பொசுக்கினார் என்று கேட்டாள். தெரியாது, ஆனால் முழு மனசோடு பொசுக்கியிருப்பார் என்றேன்.

பிறகு கேட்டாள். "மாமா, அப்பா என்ன முடிவு பண்ணியிருக்கார்? ஒரு மாசமா பதிலே இல்ல. கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. இருன்னு சொல்றார்" என்றேன்.

"அப்பாவா?" என்றாள். "அப்பாதான்" என்றேன். மறுபடியும் "அப்பாவா சொன்னார்?" என்றாள். ஆமாம் என்றேன்.

பொய்தான். தெரிந்தே சொன்னேன். உன் பெயரில் இதுவரை சொல்லப்பட்டவற்றில் உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நீ என்மேல் பாயலாம். இன்னும் பத்து நாள் இருக்கிறது, மறுத்துச் சொல்லவும் செய்யலாம். மறுக்க ரேடியோ வேண்டும் அல்லவா? பார்சலில் என் பழைய ரேடியோவை அனுப்பியிருக்கிறேன். நான்கு டிரான்சிஸ்டர், கடப்பாரைக்குப் புதுக் கம்பி, ஃபெரைட் வளையம், எந்தக் கம்பி எங்கே என்று கலர் பென்சிலில் ஒரு படம், எல்லாம் அதில் இருக்கிறது. பஞ்சைப் பிய்த்துவிட்டு வேலையை ஆரம்பி. ஓட்டைச் சட்டைக்காரரை வாசலோடு அனுப்பு.

அத்தான்


ஏப்ரல் 6

அத்தானுக்கு,

இந்தத் தடவை "அன்புள்ள" நான் போடவில்லை. எண்ணிப் பார்த்துத்தான் விட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் பேசியதை எழுத முடியாது. மனைவி ஜன்னலைச் சாத்தினாள். என் மகளுக்கு என் பெயரில் நீங்கள் யார் பதில் சொல்ல? பதினான்கு கிலோ இரும்பைக் கொடுத்ததால் எனக்கு நாக்கும் நீங்களே கொடுத்ததாக நினைப்பா? பம்ப் ஹவுஸில் ஒரு கைப்பிடியைத் திருப்பினால் ஊரெல்லாம் தண்ணீர் வருகிறதே, அந்தப் பழக்கம். எங்கே கைப்பிடியைக் கண்டாலும் திருப்பிவிடுவது. இதையெல்லாம் நேரில் சொல்ல பஸ் நிலையம்வரைக்கும் போனேன். பார்சல் வந்துவிட்டது என்று மனைவி போன் செய்தாள். திரும்பிவிட்டேன். உங்களைத் திட்டுவதைவிட அவளிடம் மறுத்துச் சொல்வது அவசரம்.

இருபத்தேழாம் தேதி முழுக்கக் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பஞ்சைப் பிய்க்கவே ஒரு மணி நேரம் ஆனது. நல்ல பசை என்று முன்பே சொல்லியிருந்தேன். நான்கு டிரான்சிஸ்டரையும் மாற்றினேன். உங்கள் படத்தில் "இங்கே கையை வைக்காதே, முட்டாள்" என்று எழுதியிருந்த இடத்தில் கையை வைத்தேன், ஒரு தடவை மட்டும். கடப்பாரையைக் கட்டினேன். ஆன்டெனாவை அந்தப் பக்கம் தள்ளினேன். வளையத்தில் ஆறு சுற்று. ஆறா ஏழா என்று சந்தேகம் வந்து அவிழ்த்து மறுபடி சுற்றினேன், உங்களுக்கு அதில் ஒரு திருப்தி இருக்கும். சாலிடர் சார் வாசலில் வந்து நின்றார். "சர்க்யூட்டைப் பாக்கலாமா?" என்றார். "கண்ணு பாக்கணும்னா கடைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். பொசுங்கிய ரேடியோ இப்போது குளியலறைக் கதவுக்கு. கனம் போதவில்லை, மேலே ஒரு செங்கல்.

மார்ச் 29, எட்டு மணி. நூறு வாட். டப் இல்லை, கொய்ங் இல்லை. முள் ஒன்றரையில் நிற்கிறது. உங்கள் இரும்புக்கு என் கண்ணாடிக் கடையின் வணக்கம். இதை நீங்கள் சங்கத்தில் படித்துக் காட்டுவீர்கள், காட்டுங்கள்.

நான் சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதியே வைத்திருந்தேன். "மாமா சொன்னது அவர் சொந்தச் சரக்கு. நான் சொல்றது, வந்துடும்மா." ஒரே ஒரு வரி. ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, நீங்க இருன்னு சொன்னதா மாமா சொன்னார். நான் நம்பவே இல்லப்பா. நீங்க வான்னுதான் சொல்வீங்கன்னு இருந்தேன். அன்னிக்கு நாள் பூரா எனக்கு வேலையே ஓடல. இங்க மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டேன், எங்கப்பா அப்படிப்பட்ட மனுஷன்னு."

இரைச்சல் இருந்திருந்தால் எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருப்பேன். பழைய கொசு இருந்திருந்தால் அவள் மூக்கை உறிஞ்சியது காதில் விழுந்திருக்காது. உங்கள் ஆனை அதையும் பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிட்டது. காகிதம் கையில் இருக்கிறது. மனைவி பக்கத்தில் நின்று என்னையே பார்க்கிறாள். மைக்கை அமுக்கினேன்.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்" என்றேன்.

அப்புறம் பறவைகளைப் பற்றிப் பேசினோம். ஒரு பறவை தினமும் காற்றுமானியின் மேல் உட்கார்ந்து அதைச் சுற்றவிடாமல் பண்ணுகிறதாம். அதற்கு என் பெயரை வைத்திருக்கிறார்களாம். மனைவி உள்ளே போய்விட்டாள். பிறகு பார்த்தால் முகம் கழுவியிருந்தாள். "ஒரு வருஷம்தானே" என்றாள். "அதுக்குள்ள உங்களுக்குப் புத்தி வருதான்னு பாக்கலாம்."

ஆக, நீங்கள் சொன்ன பொய் இப்போது என் பொய். தெருவில் பெருமைப்பட வேண்டியிருக்கிறது. டாக்ஸிக்காரர்கூட, "பொண்ணை இருக்கச் சொல்லிட்டீங்களாமே, பெரிய மனசு" என்று கை கொடுத்தார். அந்தக் கையை வாங்கிக்கொண்டேன். உங்களை மன்னிக்கவில்லை. ஆனால் அவள் பொறுப்பு அதிகாரியாவதற்குக் காரணம் நான் என்று நாளைக்கு யாராவது சொன்னால் மறுக்கவும் போவதில்லை. இதில் உங்களுக்குப் பங்கு கிடையாது, சொல்லிவிட்டேன்.

மைத்துனன்

பி.கு.: வானிலைத் துறை அலுவலகத்திலிருந்து இன்று ஒரு உறை வந்தது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய ஆள் என்று என்னைக் காட்டியிருக்கிறாள், அதனால் ஒப்பந்தத்தின் நகல் எனக்கும் ஒன்று. பதவி, ஒரு வருஷம், எல்லாம் அவள் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே அவளே தேதி போட்டிருக்கிறாள்: பிப்ரவரி 11. என்ன சொல்றீங்கப்பா என்று அவள் என்னை முதல்முதலாகக் கேட்டது பதினைந்தாம் தேதி.